குடல் நோய்க்கும் கெண்டைக்கால் வலிக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: எனக்கு ஐந்து ஆண்டுகளாகக் கிரோன் நோய் இருக்கிறது. மூன்று வாரங்களாக இரண்டு கெண்டைக்கால்களும் தொட்டாலே வலிக்கின்றன. காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்ற முடியாமல் நுனிக்காலில் நடக்கிறேன். தசை நொதிக்கான ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதால், வெறும் அலுப்புதான் என்கிறார்கள். குடல் நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்கக்கூடும். கிரோன் போன்ற குடல் அழற்சி நோய் மூட்டு, தோல், கண் ஆகியவற்றையும் தாக்கும் என்பது பலருக்கும் தெரியும். தசையைத் தாக்குவது மிக அரிது; ஆனால் கிரோன் நோயாளிகளிடம் அப்படி வரும்போது அது பெரும்பாலும் கெண்டைக்காலில்தான் வந்து உட்காருகிறது. ஏன் என்பதற்குத் தெளிவான விடை இல்லை. வயிற்றுத் தொல்லை தலைகாட்டும் முன்பே கால் வலி தொடங்கியவர்களும் உண்டு.

நொதி அளவு சரியாக இருப்பதை வைத்து மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. கிரியேட்டின் கைனேஸ் என்பது தசை நார்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி. இவ்வகையில் அழற்சி பல நேரங்களில் நார்களைச் சுற்றியுள்ள திசுவிலும் சிறு ரத்தக் குழாய்களிலும் நிகழ்வதால், அந்த அளவு உயராமலே இருந்துவிடலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வீங்கிய தசை பளிச்சென்று தெரியும். ஐயம் தீராவிட்டால் தசையில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தாமதிக்காமல் காலுக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். குடல் அழற்சி நோயாளிகளுக்குக் காலின் ஆழ்சிரையில், அதாவது உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில், ரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்கு அதிகம். அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அது பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும் என்றாலும், இரண்டிலும் வரவே வராது என்று சொல்ல முடியாது.

நீங்கள் நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவரா என்று எழுதவில்லை. அந்த மருந்தே தசையைப் பலவீனப்படுத்தும்; அப்போது வலி இராது, நாற்காலியிலிருந்து எழத் தொடை ஒத்துழைக்காது. அதற்கு ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டும். தசை அழற்சிக்கோ அதே ஸ்டீராய்டுதான் முதல் மருந்து, சில நாட்களிலேயே வலி தணிவதும் உண்டு. ஆகவே மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. அளவைக் குறைக்கும்போது வலி திரும்பினால் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் அசத்தியோபிரின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பார்கள்.

அதுவரை ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை குடல் நோயைக் கிளறிவிடக்கூடும்.