நிறைக் கொப்பி

வணக்கம் ஐயா,

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். தெற்காசிய நாடுகளின் சுகாதாரச் சுட்டிகளை ஒப்பிட்டு ஓர் ஒப்படை செய்தேன். 1987 முதல் நடந்த குடித்தொகை, சுகாதார அளவீடுகளைக் கொண்டு ஒரு வரைபும் கீறினேன். இன்று 1,000 உயிர்ப் பிறப்புக்குச் சிசு மரணம் பாகிஸ்தானில் 50 அளவில் இருக்க, இலங்கையில் 10இற்கும் குறைவு. வாழ்நாள் எதிர்பார்ப்பிலும் மாலைதீவு தவிர்ந்த அயலவர்கள் எங்களுக்குப் பின்னால்தான். காரணம் இலவச மருத்துவமா, இலவசக் கல்வியா? எதையும் குறையாகவே எழுதும் நீங்கள் இதையாவது பெருமையாக எழுதக்கூடாதா?

த., நெடுங்கேணி

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் வந்த கிழமை நான் முள்ளியவளையில் அக்காவின் வீட்டில் நின்றேன். அவர் முப்பது வருடம் குடும்பநல மாதாக வேலை செய்தவர். பழைய நாட்களின் பிள்ளைப் பதிவுகளைப் பற்றித்தான் நாங்களும் பேசிக்கொண்டிருந்தோம். அதனால் உடனே எழுதுகிறேன்.

இரண்டும்தான் காரணம். காய்ச்சல் கண்ட அன்றே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று அறிந்த தாயும் வேண்டும், போனால் காசு கேட்காத ஆசுப்பத்திரியும் வேண்டும். நோய் வராமல் தடுக்கும் வேலையை ஊருக்குள் கொண்டுவர 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகும் 1945இன் இலவசக் கல்வியும் ஒன்றையொன்று தாங்கியவை. எது பெரிது என்று நிறுத்துப் பார்ப்பது வேண்டாத வேலை. குறையாகவே எழுதுகிறேன் என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

பெருமைப்பட ஓர் இடம் இருக்கிறது, அது உமது ஒப்படையில் இல்லை. 1999இல் நாடு முழுவதும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மலேரியா நோயாளர் இருந்தார்கள். பெரும்பங்கினர் யுத்தம் நடந்த மாவட்டங்களில் இருந்தவர்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேலாக இங்கே ஒருவருக்கேனும் உள்ளூரில் மலேரியா தொற்றவில்லை, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உறுதிப்படுத்தியது. வன்னியில் விரலில் குத்தி எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசிய இரத்தத் துளிகளும் அந்த வெற்றியில் சேர்ந்திருக்கின்றன.

உமது வரைபுக்கு வருகிறேன். அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “எந்த வருடத்துக் கணக்கு?”

அந்தக் கேள்வியை நீர் கேட்கவில்லையே, தம்பி! 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளின் அளவீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் நடக்கவில்லை. 2006–07இல் நடந்தது கிழக்கிற்கு வந்தது, வட மாகாணத்துக்கு வரவில்லை. 2001ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடக்கவே இல்லை. அப்படியிருக்க, 1987இலிருந்து 2016 வரை ‘இலங்கை’ என்று பெயர் எழுதி ஒரே கோடாக எப்படிக் கீறினீர்? 2006இல் நீர் சிறு பிள்ளை. நாட்டின் மற்றப் பகுதிகளில் தாய்மாரிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவர்கள், நெடுங்கேணியில் உமது அம்மாவிடம் உம்மைப் பற்றிக் கேட்கவில்லை. அயல் நாடுகளோடு எங்களை ஒப்பிட்டு இருபது வருடமாக எழுதப்பட்டவற்றில் வன்னிப் பிள்ளைகளின் பிறப்பும் இறப்பும் நிறையும் இல்லை. அந்தக் கோட்டை நெடுங்கேணியில் பிறந்த ஒருவரே கீறியிருக்கிறார் என்பதுதான் என் மனதைச் சுட்டது.

இன்னொன்று. சோதினையில் நல்ல புள்ளி வந்த பாடங்களை மட்டும் தகப்பனிடம் காட்டும் பிள்ளையைப்போலச் சுட்டிகளைத் தெரிந்தெடுத்திருக்கிறீர். 2016இல் இலங்கையும் நேபாளமும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அளந்தன. வயதுக்கேற்ற உயரமில்லாதோர் அங்கே 36 வீதம், இங்கே 17 வீதம்; அதில் நாங்கள் முன்னே. உயரத்துக்கேற்ற நிறையில்லாதோர் அங்கே 10 வீதம், இங்கே 15 வீதம். இது ஏன் உமது அட்டவணையில் இல்லை? இந்தியாவை ஒற்றை எண்ணாகப் போட்டதும் சரியில்லை: 2020இல் கேரளத்தின் சிசு மரண வீதம் 6, மத்தியப் பிரதேசத்தினது 43. இந்த இரண்டில் எந்த இந்தியாவை நாங்கள் முந்தினோம்?

1997இல் மல்லாவியில் இடம்பெயர்ந்து இருந்தபோது, அச்சடித்த பதிவேடுகள் வந்து சேராததால், அக்கா சீ.ஆர். கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறித் தானே பதிவேடு செய்தார். முதிரை மரக் கிளையில் தராசைக் கொழுவி, உரச்சாக்கில் தைத்த கழுசானில் பிள்ளையைத் தொங்கவிட்டு, எத்தனை தாய்மார் வெயிலில் நின்று அவசரப்படுத்தினாலும் முள் ஆடி அடங்கிய பிறகுதான் நிறையை எழுதுவார். நிறைக்குப் பக்கத்தில் ஒரு நிரல், அதற்கு ‘எங்கே’ என்று தலைப்பிட்டிருந்தார். ஒரே பிள்ளைக்கு அதில் கிளிநொச்சி, அக்கராயன், மல்லாவி என்று மூன்று ஊர்கள் இருக்கும். ஊர் மாறிய மாதம் நிறை இறங்கியிருக்கும். பொலித்தீன் பையில் சுற்றி ஊர் ஊராகக் காவிய அந்தக் கொப்பிகளை 2009இல் யுத்தத்தின் இறுதி மாதங்களில் மாத்தளனில் விட்டுவிட்டுத்தான் அவர் வந்தார். 2 கிலோ 100 கிராமில் பிறந்த ஒரு பெண் பிள்ளை எத்தனையாம் மாதத்தில் 5 கிலோவைத் தொட்டாள் என்று இன்றும் மனத்திலிருந்து சொல்கிறார்.

ஒப்படையை மீண்டும் எழுதும், தம்பி. 2016இற்கு முந்திய கோட்டைத் துண்டு துண்டாகக் கீறி, எந்தெந்த மாகாணங்கள் அதில் இல்லை என்பதைக் கீழே எழுதும். சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுமதி கேட்டு, உமது ஊர்க் கிளினிக்கில் நிறை பார்க்கும் நாளில் ஒரு முறை போய் நில்லும். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பும். அக்கா பார்க்க வேண்டுமாம்.