தரவுத்தளத்தைப் புதிய டிரைவுக்கு மாற்றுதல்: வாசகர் கேள்விகள்

செந்தூல் வாசகர்: கணக்கு மென்பொருளின் தரவுத்தளத்தை டி டிரைவிலிருந்து இ டிரைவுக்கு நகலெடுத்து, தரவுத்தளத்தை இயக்கும் எஸ்கியூஎல் சர்வரில் புதிய பாதையையும் கொடுத்துவிட்டேன். அட்மினாக நுழைந்தும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று பிழை 5 வருகிறது.

பதில்: கோப்பைத் திறப்பது நீங்கள் அல்லர், சர்வர் சேவை எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்குத்தான் திறக்கிறது. புதிய கோப்புறையில் அதற்கு முழு உரிமை கொடுங்கள். அதன் பிறகும் பிழை நீங்காவிட்டால், மாடிஃபை ஃபைல் கட்டளையில் எழுதிய பாதையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கோப்புறையின் பெயரோடு நிறுத்திவிட்டு தரவு இருக்கும் எம்டிஎஃப் கோப்பின் பெயரை விட்டிருந்தால், சர்வர் கோப்புறையையே கோப்பாகத் திறக்க முயன்று இதே பிழையைக் காட்டும்.

செராஸ் வாசகர்: சர்வரின் தற்காலிகத் தரவுத்தளமான டெம்ப்டிபியின் கோப்புகளையும் நகலெடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். புதிய பாதையைக் கொடுத்துச் சேவையை நிறுத்தித் தொடங்கினால், சர்வரே அங்கு அவற்றைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: புதிய எஸ்எஸ்டியில் இடம் போதவில்லை. லாக் கோப்பான எல்டிஎஃப் மட்டுமே 90 ஜிபி. அது வெறும் லாக்தானே, எம்டிஎஃப்பை மட்டும் கொண்டுபோகலாமா?

பதில்: கூடவே கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி மறுபடியும் வருகிறது. ‘லாக்’ என்ற பெயரைப் பார்த்து அதைக் குப்பை என்று எண்ணிவிடுகிறார்கள். நீங்கள் பதியும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் அந்தக் கோப்பில்தான் எழுதப்படுகிறது. பிறகுதான் அது எம்டிஎஃப்புக்குப் போய்ச் சேர்கிறது. பினாங்கின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில், மின்வெட்டால் சர்வர் திடீரென நின்ற மாலையில், இடம் வேண்டுமென்று ஒருவர் எல்டிஎஃப்பை அழித்துவிட்டார். தரவுத்தளம் திறக்க மறுத்தது. முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மீட்டோம். அன்றைய இன்வாய்ஸ்கள் அத்தனையையும் இரண்டு எழுத்தர்கள் கார்பன் நகல்களைப் பார்த்து நள்ளிரவு வரை மீண்டும் பதிந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

உங்கள் லாக் வீங்கியதற்குப் பெரும்பாலும் காரணம், மீட்பு முறையை ‘ஃபுல்’ (லாக் பேக்கப் எடுக்கும் வரை லாக்கை விடாமல் வைத்திருக்கும் முறை) என்று வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டதுதான். முதலில் முழு பேக்கப்பும் அடுத்து லாக் பேக்கப்பும் எடுத்து, பிறகு லாக் கோப்பைச் சுருக்குங்கள். சில ஜிபியில் அடங்கிவிடும். அதன் பின் தரவுத்தளத்தை ஆஃப்லைனாக்கி, இரண்டு கோப்புகளையும் நகலெடுங்கள். பழையவற்றை ஒரு வாரமாவது அழிக்காதீர்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: 200 ஜிபி நகலாக எவ்வளவு நேரமாகும்?

பதில்: எந்த டிரைவ், எந்த வழி என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? ஜிகாபிட் கேபிள் வழியாக என்றால் சுமார் அரை மணி நேரம். ஒரே கணினியில் இரண்டு எஸ்எஸ்டிகளுக்கிடையே என்றால் பத்து நிமிடத்துக்குள் முடியலாம்.

ஜார்ஜ்டவுன் வாசகர்: உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளின் டேட்டாடிர் பாதையை, அதாவது தரவுக் கோப்புறையின் இடத்தை, மாற்றினேன். சேவை தொடங்கவில்லை.

பதில்: கோப்புறையின் உரிமையாளராக மைஎஸ்கியூஎல் பயனர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், தடுப்பது பெரும்பாலும் உபுண்டுவின் பாதுகாப்புக் கருவியான ஆப்ஆர்மர்தான். அதன் விதிக்கோப்பில் புதிய பாதையைச் சேர்த்து, ஆப்ஆர்மரை மீண்டும் ஏற்றிய பிறகு சேவையைத் தொடங்குங்கள். உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், பழைய கோப்புறையை ஒரு வாரம் தொடாதீர்கள்.