தண்ணீர்ச் சிக்கனத் தோட்டத்தைப் பார்க்கப் போகிறீர்களா? செடியின் பெயரை அப்புறம் குறித்துக்கொள்ளலாம்

வாசகர் கேள்வி: வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 100 சதுர மீட்டருக்குப் புல்தரை இருக்கிறது, நடுவில் ஒரு பெரிய மரம். கோடையில் தண்ணீர் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. புல்லை எடுத்துவிட்டு, குறைந்த நீரில் வளரும் தோட்டமாக மாற்றலாம் என்று இருக்கிறோம். அதற்கு முன், பொதுமக்களுக்காக அமைத்திருக்கும் செயல்விளக்கத் தோட்டம் ஒன்றைப் பார்த்துவர எண்ணம். அரைநாள்தான் கிடைக்கும். எதைப் பார்ப்பது, என்ன கேட்பது?

பதில்: கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் பெரும்பாலோர் அங்கிருந்து ஒரு செடிப் பட்டியலோடு திரும்புகிறார்கள். எனக்குத் தெரிந்து, அங்கே கிடைப்பவற்றில் உங்களுக்கு மிகக் குறைவாகப் பயன்படப் போவது அந்தப் பட்டியல்தான். அங்குள்ள மண் வேறு, நிழல் வேறு. எந்தச் செடியை எதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே நிற்கிறது என்ற அமைப்பைத்தான் நீங்கள் படித்துவர வேண்டும். அமைப்பு புரிந்துவிட்டால், செடிகளை உங்கள் பக்கத்து நாற்றுப்பண்ணையிலேயே தேர்ந்தெடுத்துவிடலாம்.

எல்லாம் பூத்துக் குலுங்கும் பருவத்தில் போகாதீர்கள். மழைக்குப் பிறகு எந்தத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். வெயில் முற்றி, மழை பெய்து பல வாரம் ஆன சமயத்தில், காலையில் கதவு திறந்ததும் போய் நில்லுங்கள். மதிய வெயிலில் இலை துவள்வது பல செடிகளுக்கு இயல்பு, மாலையில் நிமிர்ந்துகொள்ளும். காலையிலேயே துவண்டு நிற்கும் செடிக்குத்தான் உண்மையில் நீர் போதவில்லை. அந்த வேளையில் நிமிர்ந்து நிற்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசலிலிருந்து ஓரம் நோக்கி நடக்கும்போது செடிகள் மாறிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். நன்றாகத் திட்டமிட்ட தோட்டத்தில், அதிக நீர் கேட்பவை கட்டடத்தை ஒட்டி, ஆட்கள் உட்காரும் இடத்தில் கொஞ்சமாக இருக்கும். தள்ளிப் போகப் போக நீர்த்தேவை குறையும். இந்த முறைக்கு வடிவம் கொடுத்தது அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் வாரியம். 1981-இல் அங்கே உருவான ஸீரிஸ்கேப் முறையில் திட்டமிடல், மண்ணைச் சீர்படுத்தல், ஏற்ற செடிகள், அளவான புல்தரை, சிக்கனப் பாசனம், மூடாக்கு (மண்ணின் மேல் பரப்பும் அடுக்கு), பராமரிப்பு என்று ஏழு அங்கங்கள். ஒரே மாதிரி நீர் கேட்கும் செடிகளை ஒரே பாத்தியில் சேர்ப்பதுதான் இதில் உயிர்நாடி என்பேன். குறைந்த நீர்ச்செடி என்று வகைப்படுத்தப்படுபவைக்கு, அந்தப் பகுதியில் செழிப்பான புல்வெளியிலிருந்து ஆவியாகும் நீரில் ஏறக்குறைய 10 முதல் 30 சதவீதம் போதும். அதிகம் கேட்பவைக்கு 70 முதல் 90 சதவீதம் வேண்டும். வறட்சிச் செடிகளுக்கு நடுவே தாகம் கொண்ட ஒன்றை வைத்தால், அந்த ஒன்றுக்காகப் பாத்தி முழுவதற்கும் வால்வைத் திறக்க வேண்டிவரும், மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அதனால் எத்தனை வால்வு, எந்த வால்வு எந்தப் பாத்திக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குனிந்து பாருங்கள். அனுமதி கேட்டு மூடாக்கைக் கொஞ்சம் விலக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கலாம். மரச்சில்லு, காய்ந்த இலை போன்ற மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. தடிமனில் இருந்தால்தான் வெயிலைத் தடுக்கும். தண்டை ஒட்டாமல் சில செ.மீ. இடைவெளி விட்டிருப்பார்கள். ஒட்டினால் அடித்தண்டு அழுகும். இது மக்கிப்போவதால் அவ்வப்போது மேலே சேர்க்க வேண்டும். அந்த வேலை ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறது என்று கேளுங்கள்.

சொட்டுக்குழாயிலும் பார்க்க நிறைய இருக்கிறது. வடிகட்டியும் அழுத்தக் குறைப்பானும் எங்கே பொருத்தியிருக்கிறார்கள், கசடு வெளியேறக் குழாயின் கடைசி முனையைத் திறக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். சொட்டும் இடம் தண்டின் காலடியில் இருக்கக் கூடாது. செடி வளர வளர வேர் விரியும், சொட்டுமுனையும் வெளியே நகர வேண்டும். மணல் மண்ணில் நீர் நேரே கீழே இறங்கிவிடும், அதனால் முனைகள் நெருக்கமாக வேண்டும். களிமண்ணில் பக்கவாட்டில் பரவும் என்பதால் தள்ளி வைக்கலாம், ஆனால் மெதுவாக விட வேண்டும்.

தோட்டக்காரர் கிடைத்தால் கேட்க வேண்டிய முக்கியமான கேள்விகள் இரண்டு: இந்தப் பாத்தியை எப்போது நட்டீர்கள்? கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள்? வறட்சியைத் தாங்கும் செடியும் நட்ட நாளிலிருந்தே தாங்காது. வேர் ஆழம் போகும் வரை, முதல் ஓரிரு ஆண்டுகள், முறையாக நீர் விட்டே ஆக வேண்டும். இது தெரியாமல்தான் பலர் முதல் கோடையிலேயே செடிகளைப் பறிகொடுத்துவிட்டு, இந்த முறையே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், பழைய வாகன நிறுத்துமிடத்தில் தோட்டக்கலைஞர் பெத் சாட்டோ 1990-களின் தொடக்கத்தில் அமைத்த சரளைத் தோட்டம் பாசனமே இல்லாமல் வளர்கிறது. ஆண்டு மழை அங்கே 500 மி.மீ. அளவுதான். ஆனால் நடுவதற்கு முன் இறுகிய தரையை ஆழமாக உடைத்து, மக்கு உரம் கலந்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எவ்வளவு மிச்சமாகும் என்பதற்கு லாஸ் வேகாஸ் பகுதியின் நீர் ஆணையம் வீடுகளில் அளந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. புல்தரைக்கு ஆண்டில் ஒரு சதுர அடிக்குச் சுமார் 276 லிட்டர் செலவானது. மாற்றியமைத்த தோட்டத்துக்குச் சுமார் 65 லிட்டர். அது பாலைவனம், உங்கள் ஊரில் எண்கள் மாறும். வித்தியாசம் பெரிது என்பது மட்டும் மாறாது.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் எங்கு பார்த்தாலும் ஜல்லி பரப்பி, நாலு கற்றாழை நட்டு, இதுதான் சிக்கனத் தோட்டம் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. செடி மூடாத கற்பரப்பு பகலில் சூடேறி, பக்கத்துச் செடிகளையும் வீட்டுச் சுவரையும் சேர்த்துச் சுடும். களை வராமலிருக்க ஜல்லிக்கு அடியில் போடும் விரிப்புத் துணியின் மேல் மண் படிந்து, சில ஆண்டுகளில் களை அங்கேயே முளைக்கும். இலைகள் தரையை மூடும் பாத்திகள் எவை என்று பார்த்து, அவற்றைப் பின்பற்றுங்கள்.

படம் எடுக்கும்போது பெயர்ப்பலகையோடு நிறுத்தாமல், முழு வளர்ச்சியில் செடி எவ்வளவு அகலம் என்பது தெரியத் தள்ளி நின்றும் ஒன்று எடுங்கள். நாற்றாக வாங்கும்போது நெருக்கி நட்டுவிடும் தவறு அதனால் குறையும். நீர் வேண்டாத செடிகளில் சில கட்டுக்கடங்காமல் பரவக்கூடியவை. ஃபவுண்டன் புல் என்னும் அலங்காரப் புல் அப்படித்தான் பல நாடுகளில் தொல்லையாகிவிட்டது. விதையைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு சிறு வேலை. 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால், வடிகால் குறைந்த மண்ணுக்கு என்ன செய்தார்கள் என்று அங்கே தனியாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக உங்கள் மரம். புல்லுக்கு ஊற்றிய தண்ணீரைத்தான் அதுவும் இத்தனை காலம் குடித்து வந்திருக்கிறது. புல்லோடு பாசனத்தையும் சட்டென்று நிறுத்தினால், ஓரிரு கோடையில் கிளை காயத் தொடங்கலாம். எனவே ஓரத்துப் புல்லை முதலில் எடுங்கள், மரத்தடியைக் கடைசியாக வையுங்கள். அங்கே மண்ணை ஆழமாகக் கொத்த வேண்டாம், உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. மழையில்லாத மாதங்களில் தண்டை ஒட்டி விடாமல், கிளை விரிவின் ஓரத்தைச் சுற்றி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை மெதுவாக விடுங்கள். ஒரு கம்பியைக் குத்தினால் 30 முதல் 45 செ.மீ. வரை எளிதாக இறங்க வேண்டும், அதுவரை விடலாம்.