புதிதாக எதையும் வாங்காமல், குறைந்த பொருட்களோடு வாழ முடியுமா? யாராவது முயன்று பார்த்திருக்கிறீர்களா?

சில வருடங்களாக அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் "எதையும்" என்பதில் கொஞ்சம் விலக்கு வேண்டும். உணவு, மருந்து, சோப்பு, உள்ளாடை எல்லாம் என் கணக்கில் வராது. ஹெல்மெட்டும் வராது. ஒருமுறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கிவிடும், வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். அடுத்த அடியை அது சரியாகத் தாங்காது. யாரோ கழற்றிப் போட்ட ஹெல்மெட்டில் சிக்கனம் பார்ப்பது வேண்டாத வேலை.

மற்றதற்கெல்லாம் வீட்டில் இருக்கிறதா, இரவல் கிடைக்குமா, பழுது பார்க்கலாமா, ஒருவர் பயன்படுத்தியது கிடைக்குமா என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, எதுவும் சரிவரவில்லை என்றால்தான் புதியது. இதற்குப் பெரிய மன உறுதியெல்லாம் தேவைப்படவில்லை. தேடுவதற்கும் கேட்பதற்கும் ஆகும் தாமதமே பாதி ஆசையை அடக்கிவிடுகிறது. அதனால்தான் ஆன்லைன் கடைகளில் கார்டு எண்ணைச் சேமித்து வைப்பதில்லை. எழுந்துபோய் கார்டை எடுத்துவரச் சோம்பல்பட்டே பல பொருட்கள் வாங்காமல் போயிருக்கின்றன!

பழுது பார்ப்பதில் பலரும் முதலிலேயே கைகழுவிவிடுகிறோம். பை, ஜாக்கெட் ஜிப் மூடாமல் வாயைப் பிளந்தால் பெரும்பாலும் பல் வரிசை நன்றாகத்தான் இருக்கும், இழுத்து மூடும் ரன்னர்தான் தேய்ந்து அகன்றிருக்கும். அதன் இரு பக்கத்தையும் குறடால் லேசாக அழுத்திப் பாருங்கள். சரிவராவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றலாம். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் மோட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன் கண்டென்சரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்த "ரிப்பேர் கஃபே" இப்போது பல நாடுகளில் நடக்கிறது. உடைந்ததை எடுத்துக்கொண்டு போனால், வேலை தெரிந்தவர்கள் கூடவே உட்கார்ந்து சரிசெய்யக் கற்றுத்தருவார்கள்.

உண்மையில் கஷ்டம் மொபைலில்தான். பழைய போனில் சார்ஜ் நிற்கவில்லை என்றால் போனே போய்விட்டது என்று நினைக்கிறோம். லித்தியம் அயான் பேட்டரி சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கினாலே கொள்ளளவு குறைவது இயல்பு, சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் குறையும். பேட்டரியை மட்டும் மாற்றினால் பல போன்கள் இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைத்திருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. என் பிடிவாதம் அதோடு முடிந்துவிடும்.

இன்னொரு பொறி, "பழையதுதானே, மலிவாகக் கிடைக்கிறதே" என்று வாங்கிக் குவிப்பது. வீடு நிறைவதற்குப் பொருள் புதிதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இலவசமாக வந்தாலும் முதலில் அதற்கு இடம் எங்கே என்று பார்ப்பேன்.

உறவுக்காரர்கள் கஞ்சப்பிசினாரி என்பார்கள், சொல்லட்டும். பரிசு தருபவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள், கொடுத்த பிறகு மறுத்தால் மனம் நோகும்.

அப்புறம், பயன்படுத்திய போன் வாங்குவதாக இருந்தால் காசு கொடுப்பதற்கு முன் *#06# அழுத்தி, திரையில் வரும் ஐஎம்இஐ எண்ணும் (போனின் தனி அடையாள எண்) பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். விற்பவர் தன் கணக்கை அதிலிருந்து உங்கள் கண்முன்னே நீக்க வேண்டும். நீக்காமல் ரீசெட் செய்து கொடுத்தால், போன் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு பூட்டியே கிடக்கலாம்.