சொந்த லேபிள் ஒட்டினால் பொறுப்பும் சொந்தம்

கேள்வி: பினாங்கின் பிறை நகரில் மொத்த வியாபாரி ஒருவரிடம் அமிலம் கலந்த டாய்லெட் கிளீனரை டிரம்மில் வாங்கி, 5 லிட்டர் கேன்களில் ஊற்றி, என் கடை ஸ்டிக்கர் ஒட்டி உணவகங்களுக்கு விற்கிறேன். போன மாதம் ஒரு தொழிலாளி அதை பிளீச்சுடன் கலந்து, மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய முதலாளி என்னிடம் நஷ்டஈடு கேட்கிறார். நான் டிரம்மைத் திறந்ததோடு தன் பொறுப்பு முடிந்தது என்கிறார் மொத்த வியாபாரி. நான் என்ன செய்வது?
- வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: உங்கள் பக்கம் பலவீனமாகத்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஸ்டிக்கர் படத்தில் கடைப் பெயரும் ஒரு எலுமிச்சம்பழமும் இருக்கின்றன; கையையும் உலோகத்தையும் அரிக்கும் என்று காட்டும் அபாயக் குறி எங்கே? அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்ற எச்சரிக்கை எங்கே?

மலேசியாவில் வேலையிடங்களுக்கு விற்கும் அபாயகரமான இரசாயனங்களுக்கு 2013ஆம் ஆண்டு 'கிளாஸ்' விதிமுறைகள் (வகைப்படுத்தல், லேபிள், பாதுகாப்புத் தகவல் தாள் பற்றியவை) பொருந்தும். இறக்குமதியாளர் மட்டுமல்ல, விநியோகிப்பவரும் அதில் சப்ளையர்தான். மலாயிலும் ஆங்கிலத்திலும் லேபிள் வேண்டும். எஸ்டிஎஸ் எனும் பாதுகாப்புத் தகவல் தாளும் வாங்குபவர் கைக்குப் போக வேண்டும். அதற்கு மேல், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 68ஆவது பிரிவு, தன் பெயரை ஒட்டித் தயாரிப்பாளர் போலக் காட்டிக்கொள்பவரையும் பொறுப்பாக்குகிறது.

மொத்த வியாபாரியும் தப்பிவிட முடியாது. டிரம்மோடு எஸ்டிஎஸ் கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அதன் 10ஆம் பகுதியைப் பாருங்கள்; எதோடு கலக்கக்கூடாது என்று அங்கேதான் எழுதியிருக்கும். அது வந்திருந்தும் நீங்கள் உணவகத்துக்குக் கொடுக்கவில்லை என்றால் பழி உங்கள் பக்கம் சாயும். தரவே இல்லை என்றால் அவரையும் வழக்கில் இழுக்கலாம். பில், டிரம் லேபிள், மீதிச் சரக்கு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது வேறு. அதே கேன்கள் மற்ற உணவகங்களின் பின்கட்டிலும் இருக்கின்றன. வாங்கிய எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை அனுப்பி, கேன்களைத் திரும்ப எடுங்கள். வழக்குக்குப் பயந்து இதைத் தள்ளிப்போட வேண்டாம். இன்னொருவர் விழுந்தால் எந்த வாதமும் நிற்காது.

அப்புறம், அந்த முதலாளியிடம் பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் தொழிலாளி. சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் பதிந்தவர் வேலையிட விபத்துக்காகத் தன் முதலாளி மீது வழக்குப் போட அந்த அமைப்பின் 1969ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக நிற்பதால், அவருடைய வழக்கறிஞர் முதலில் தேடுவது உங்களைத்தான். எந்த உடன்பாடும் அந்தத் தொழிலாளியின் கையெழுத்தோடு, வழக்கறிஞர் மூலம் எழுத்தில் இருக்கட்டும்.