எட்டு வயதுக் குழந்தைக்குச் சாதிக் கொடுமையை எப்படிச் சொல்வது?

"மகளுக்கு எட்டு வயதுதான், இப்போதே சொன்னால் பயந்துவிட மாட்டாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம், புள்ளிவிவரம் எல்லாம் அப்புறம் இருக்கட்டும். ஏறக்குறைய அவள் வயதுப் பையன் ஒருவனின் கதையாகச் சொல்லுங்கள்.

நான் என் மகனுக்குச் சொன்னது அம்பேத்கரின் சிறுவயதுப் பயணம். 1901-இல் அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா மகன்களோடும் மகாராஷ்டிரத்தின் மசூர் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறான். அழைத்துப்போக யாரும் வரவில்லை. அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், பிள்ளைகள் தங்கள் சாதி 'மகர்' (அன்று தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட சாதி) என்று சொன்னதும் முகம் மாறி நகர்ந்துவிடுகிறார். இரட்டை வாடகைக்குத்தான் மாட்டுவண்டி கிடைக்கிறது. அதையும் பிள்ளைகளே ஓட்டவேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். கூடை நிறையச் சாப்பாடு, குடிக்கத்தான் தண்ணீர் இல்லை.

இங்கே நிறுத்திவிடுங்கள். "டபுள் காசு வாங்கிட்டு ஏம்ப்பா அவரு ஓட்டல?" என்றான் என் மகன். நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை (உண்மையில் சட்டென்று வரவும் இல்லை). "நீ என்ன நினைக்கிற?" என்றேன். தூங்கும்வரை பேசினோம்.

அந்தப் பையன்தான் பிறகு அரசியல் சட்ட வரைவுக்குழுத் தலைவர் ஆனார் என்பதையும் சொல்லுங்கள். ஆனால் "அதெல்லாம் அந்தக் காலம்" என்று முடித்துவிடாதீர்கள். நாளைக்குப் பள்ளியிலேயே யாராவது அவளிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கலாம்.