வியட்நாமில் ஒரு திவசச் சாப்பாடு

"வியட்நாம் போகும்போது அங்கே உள்ள நண்பர் தன் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுகிறார். போகலாமா? எப்படி நடந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். முடிந்தால் முதல் நாளே போய்விடுங்கள்.

என்னைக் கூப்பிட்டது கல்யாணத்துக்கு இல்லை, திவசத்துக்கு. சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்த்த நண்பனின் தாத்தாவுக்கு. ஹோ சி மின் நகரிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மீகாங் கழிமுகத்தில், தென்னைக்குப் பேர்போன பென் ட்ரே. திவசத்தை அந்தப் பக்கம் 'டாம் யோ' என்கிறார்கள். சந்திரக் கணக்கில் வருவதால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். திதி பார்க்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அதைப் புரியவைக்க நண்பன் சிரமப்படவில்லை.

போய் உட்கார்ந்ததும் வயதைக் கேட்டார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது. வயது தெரியாமல் உங்களை அண்ணன் என்பதா தம்பி என்பதா என்று முடிவு செய்ய முடியாது. அது முடிவாகாமல் பேச்சே ஓடாது. அடுத்து, வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்றார்கள். மூத்தவன் என்றேன். "அப்படியானால் நீ ஹாய்!" ஹாய் என்றால் இரண்டு. தெற்கு வியட்நாமில் தலைப்பிள்ளையை 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள், அடுத்தது 'மூன்று'. ஏன் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், விட்டுவிட்டேன்.

முதல் நாள் முழுக்கச் சமையல்தான். அத்தைமார்கள் தரையில் உட்கார்ந்து 'பான் இட்' செய்துகொண்டிருந்தார்கள். ஒட்டரிசி மாவுக்குள் பாசிப்பருப்புப் பூரணம், வாழையிலையில் கூம்பாக மடித்து ஆவியில் வேகவைப்பது. நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. நான் மடித்த நான்கும் பிரிந்துகொண்டன, ஆனால் அந்த நான்கால்தான் அந்த வீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. மறுநாள் காலை வந்திருந்தால் வெறும் விருந்தாளியாக ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

மறுநாள் தாத்தா படத்துக்கு முன்னால் எல்லாப் பதார்த்தமும் வைத்து ஊதுபத்தி ஏற்றினார்கள். என் கையிலும் மூன்று கொடுத்தார்கள். மூன்று முறை குனிந்து வணங்கினால் போதும். பத்தியின் தீயை வாயால் ஊதாமல் கையை வீசி அணைத்தேன். பெரியப்பா ஒருவர் திருப்தியாகத் தலையாட்டினார். பத்தி எரிந்து முடிந்த பிறகுதான் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் செய்த கோழிக் 'கா ரி', தொட்டுக்கொள்ள ரொட்டி. ஆமாம், நம் கறிதான், பெயரோடு போயிருக்கிறது. சைவம் என்றால் 'ஆன் சாய்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பௌர்ணமிக்கும் சந்திர மாத முதல் நாளுக்கும் அங்கே பலர் சைவம்தான், ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் ஐஸ் போட்ட பீர். "மொட், ஹாய், பா, யோ!" என்று கத்திவிட்டுக் குடிக்கிறார்கள். திவசமும் 'யோ', இதுவும் 'யோ', ராகம்தான் வேறு. குடிக்காதவர்கள் டீ கிளாஸை முட்டினாலும் போதும். பெரியவர் கிளாஸைவிட உங்களுடையது கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும். பிற்பகலில் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து கரோக்கி.

என்ன கொண்டுபோவது? பழம், பிஸ்கட் டப்பா, இரண்டு கையாலும் கொடுங்கள். ராத்திரி தங்கினால் வீட்டுக்காரர் உங்களைப் பற்றி உள்ளூர் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டைக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். டெட் புத்தாண்டு என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை: புத்தாண்டு அன்று காலையில் கூப்பிடாமல் யார் வீட்டுப் படியும் ஏறாதீர்கள். முதலில் நுழைபவரின் ராசிதான் அந்த வருடம் முழுக்க என்று நம்புகிறார்கள்.

கிளம்பும்போது ஒரு பை நிறையப் பான் இட் கட்டிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் இருந்தபடி அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "திவசத்துக்குப் பாட்டா?" என்றார். பீரைச் சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.